வாய்மொழி உத்தரவு

செவ்வந்தி ஏன் போலீஸில் சேர்ந்தாள் என்று யாராவது கேட்டால், மக்கள் சேவை, காக்கி மேல் ஆசை என்றெல்லாம் சொல்ல மாட்டாள். "கரும்பு வெட்டப் போவக்கூடாதுன்னுதான்" என்பாள். நைனார்பாளையத்தில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் பருவம் வந்தால் கூட்டத்தோடு கூட்டமாக வெட்டுக்குப் போய், கரும்புச் சோகை கிழித்த கைகளோடு திரும்பி வருகிறவர்கள். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் அவளை ஒருத்தியும் முந்தியதில்லை. அந்தக் கால்களை நம்பித்தான் காவலர் தேர்வுக்கு எழுதிப் போட்டாள். வேலை கிடைத்தது. அவளுடைய அம்மா அன்றைக்குத் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள்.

பயிற்சிப் பள்ளியில் பக்கத்துக் கட்டில் பாரதியுடையது. கள்ளக்குறிச்சி டவுனில் தையல் கடை வைத்திருந்தவரின் மகள். செவ்வந்தி வாயே திறக்க மாட்டாள்; பாரதி வாயை மூடவே மாட்டாள். கவாத்தில் கால் மாற்றி வைத்துத் திட்டு வாங்குகிறவள் பாரதி. சாயந்திரம் தங்கும் கொட்டகைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் அவளுக்குக் கால் சொல்லிக் கொடுக்கிறவள் செவ்வந்தி. அப்படி ஆரம்பித்த சிநேகம் பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடியது. இரண்டு பேரும் எங்கெங்கோ சுற்றிவிட்டு, தலைமைக் காவலர்களாகி, கடைசியில் மலையடிவாரத்தில் ஒரே காவல் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பாரதி கொண்டுவருகிற புளிச்சோற்றில் பாதி செவ்வந்திக்கு. செவ்வந்தி கொண்டுவருகிற களியில் பாதி பாரதிக்கு.

அந்த நிலையத்தில் பெண் போலீஸ் என்று இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். இன்னும் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருத்தி பிரசவ விடுப்பில் இருந்தாள். இன்னொரு இடத்துக்கு ஆளே போடவில்லை. ஆகவே பெண் சம்பந்தப்பட்டது எதுவானாலும் இந்த இருவர் தலையில்தான் விழும். ஓடிப்போன பெண்ணைத் தேட வேண்டும். கிணற்றில் விழுந்தவள் உடலுக்குக் காவல் நிற்க வேண்டும். தேர்வு நடக்கும் பள்ளிக்கூடம், சாலை மறியல், கோயில் தேர், அமைச்சர் வருகை எல்லாவற்றுக்கும் போக வேண்டும். வார விடுமுறை என்று ஒன்று உத்தரவில் இருந்தது. அது வரும் நாளில் தவறாமல் ஏதாவது ஒரு திருவிழாவும் வந்துவிடும்.

செவ்வந்தியின் புருஷன் கலையரசன் கச்சிராயபாளையத்தில் குத்தகை நிலத்தில் பயிர் வைக்கிறவன். அணையில் தண்ணீர் விட்டால் கரும்பு, விடாவிட்டால் மரவள்ளி. மகள் எழில்மதிக்குத் தலை பின்ன அவன்தான் கற்றுக்கொண்டான். முதலில் கோணல் மாணலாகப் பின்னி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரித்து, பிறகு தேறிவிட்டான். செவ்வந்தி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பாள். பந்தோபஸ்துக்குப் போகிற நாளில் பெண் போலீஸ் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எங்கே போவது?

ஒரு தேர்த் திருவிழாவில் இரண்டு பேரும் வெயிலில் நின்றுகொண்டிருந்தபோது பாரதி மெல்ல அவள் கையைப் பிடித்து, "செவ்வு, எனக்கு என்னமோ ஆவுதுடி" என்றாள். மூன்றாம் மாதம். கால்வழியே இரத்தம். கேட்டுவிட்டுப் போக மேலதிகாரியைத் தேடினால் கூட்டத்தில் கண்ணுக்கே தென்படவில்லை. செவ்வந்தி ஒரு ஆட்டோவை மறித்து அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். கரு தங்கவில்லை, பாரதி தங்கினாள். பணியிடத்தை விட்டுப் போனதற்கு மெமோ வந்தபோது, பாரதி தன்னிடம் கேட்டுக்கொண்டுதான் போனாள், விட்டுப்போன தப்பு தன்னுடையது என்று செவ்வந்தி எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாரதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கூடப் பொறந்தவ கூட இப்டி செய்ய மாட்டா."

இது நடந்து சில வருடம் கழித்துத்தான் பூமாலை வழக்கு வந்தது.

பூமாலை கல்வராயன் மலைக்காரி. புருஷன் கேரளத்துத் தோட்ட வேலைக்குப் போனவன் போனவன்தான். நாலு வயதுப் பெண் குழந்தையைத் தன் அம்மா பாப்பாத்தியிடம் மலையில் விட்டுவிட்டு, கீழே ஒரு பெரிய வீட்டில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தாள். அந்த வீட்டில் சங்கிலி காணாமல் போனது. வீட்டுக்காரர்கள் வேறு யாரையும் சந்தேகப்படவில்லை. "நா எடுக்கலக்கா" என்று அவள் செவ்வந்தியிடம் சொன்னாள். செவ்வந்தி பாதி நம்பினாள். நம்புவதும் நம்பாததும் அவள் வேலையில் இல்லை. வழக்குப் பதிவாகி, பூமாலையைக் கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நீதிபதி காவலில் வைக்க உத்தரவிட்டார். கடலூர் சிறையில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். வழிக்காவலுக்கு எழுதப்பட்டிருந்தவர்கள் இரண்டு பேர், செவ்வந்தியும் பாரதியும்.

நீதிமன்ற வாசலில் மலையிலிருந்து வந்த சித்தப்பன் ஒருவர் பூமாலையிடம் என்னவோ சொல்லிவிட்டுப் போனார். பூமாலை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாவாம்?" என்று பாரதி கேட்டாள்.

"புள்ளைக்கு ஜொரம். இழுத்துக்கினு போவுதாம்."

அந்த நேரத்தில்தான் பாரதியின் கைபேசி ஒலித்தது. வாட்ஸ்அப் அழைப்பு. இன்ஸ்பெக்டர் தனசேகரன். பாரதி கேட்டுவிட்டு, கைபேசியைச் செவ்வந்தியின் காதில் வைத்தாள்.

"செவ்வந்தி, பாரதிய ஒடனே இங்க அனுப்பு. மினிஸ்டர் ப்ரோக்ராம் முன்னாடியே ஆரம்பிக்குது. மேடைகிட்ட பொம்பள போலீஸ் பத்தல. எஸ்.பி. கேட்டா நான் இன்னா சொல்றது?"

"ஐயா, வழிக்காவல்ல ரெண்டு பேர் போட்டிருக்குதுங்களே. ஜீப்பும் இல்ல, பஸ்ஸுலதான் போவணும். ஒருத்தியே எப்டிங்கய்யா…"

"ஒத்தப் பொம்பளதானே? பயந்து செத்துக்கினு கெடக்குறா, எங்க ஓடப் போறா? நான் சொல்றேன்ல. கூட்டிட்டுப் போ."

அழைப்பு நின்றுவிட்டது. பாரதிக்கும் முகம் நன்றாக இல்லை. "எழுதி வாங்கிக்கலாமாடி?" என்று செவ்வந்தி கேட்டாள். பாரதி, "அந்த ஆளுகிட்டயா? ஒரு மாசம் நைட் டூட்டி போட்டே சாவடிப்பான். நான்தான் கூட இருந்து கேட்டுக்கினேனே, அப்புறம் இன்னா? போயிட்டு போன் பண்ணு" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

பேருந்தில் செவ்வந்தி பூமாலையின் மணிக்கட்டை விடவே இல்லை. அன்றைக்கு அவளுக்கு மாதவிலக்கு இரண்டாம் நாள். விடியற்காலையில் வீட்டிலிருந்து கிளம்பியவள். வயிறு வலித்தது, உடுப்பு நனைந்துவிடுமோ என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது. உளுந்தூர்பேட்டையில் இறங்கி வேறு பேருந்துக்காக நின்றபோது அதற்கு மேல் முடியவில்லை. பாரதி இருந்திருந்தால் ஒருத்தி போக ஒருத்தி பிடித்துக்கொண்டிருப்பாள். கட்டணக் கழிப்பறையில் இரண்டு பேர் நிற்க இடமில்லை. வாசலில் காசு வாங்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், "இவளக் கொஞ்சம் கையப் புடிச்சிக்கம்மா, இதோ வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது அந்த அம்மா யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பூமாலை இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஒருத்தியும் முந்தாத கால்கள் அந்தப் பேருந்து நிலையத்தை எத்தனை முறை சுற்றினவோ. ஒவ்வொரு பேருந்திலும் ஏறி இறங்கினாள். ஜனங்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள்.

எப்படி ஓடினாள் என்று அவர் கேட்கவில்லை. எந்தப் பக்கம் ஓடினாள் என்றும் கேட்கவில்லை. "இத வேற யார்கிட்ட சொன்ன?" என்றார்.

மறுநாள் டி.எஸ்.பி. அரங்கநாதன் விசாரணைக்கு வந்தார். ஓய்வு பெறப் போகிற மனிதர், சத்தம் போட மாட்டார். முதலில் இன்ஸ்பெக்டரையும் பிறகு பாரதியையும் உள்ளே கூப்பிட்டார். பாரதி உள்ளே போகும்போது செவ்வந்தி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் தூங்கவில்லை என்றாலும் அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. பாரதி சொல்லிவிடுவாள். அழைப்பு வந்ததே அவள் கைபேசியில்தான். தண்டனை கிடைக்கும், அது வேறு. ஆனால் எதற்காக நடந்தது என்பது தெரிந்துவிடும்.

பாரதி வெளியே வந்து, கழிப்பறைப் பக்கம் வேகமாகப் போய்விட்டாள். செவ்வந்தியைப் பார்க்கவில்லை. அழப் போகிறாள் போலிருக்கிறது என்று செவ்வந்தி நினைத்துக்கொண்டாள்.

செவ்வந்தியை உள்ளே கூப்பிட்டு, டி.எஸ்.பி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாரதியின் வாக்குமூலத்தைப் படித்தார். "'அமைச்சர் பாதுகாப்புக்குப் பெண் காவலர் போதாது என்பதால், நான் மட்டும் அழைத்துச் செல்கிறேன், நீ போ என்று தலைமைக் காவலர் செவ்வந்தி தானாகவே என்னை அனுப்பிவிட்டார். மறுத்தும் கேட்கவில்லை. ஆய்வாளர் ஐயாவுக்கு இது தெரியாது.' இதுக்கு இன்னா சொல்றீங்க?"

செவ்வந்திக்கு அந்த வாக்கியங்கள் புரியச் சற்று நேரம் ஆனது. யாரோ வேறு ஒரு பாரதி எழுதியதுபோல் இருந்தது.

"ஐயா, இல்லீங்கய்யா. இன்ஸ்பெக்டர் ஐயாதான் போன்ல சொன்னாரு. பாரதி போன்லதான். அவளே என் காதுல வச்சா."

"அவரு போன் பண்ணவே இல்லைங்கிறாரு. பாரதியும் இல்லைன்னு எழுதியிருக்காங்க. வாட்ஸ்அப்ல பேசினதுக்கு நான் எங்க போய் சாட்சி தேடறது?" அவர் கொஞ்சம் தயங்கினார். "சரி, கைதிய வெளிய விட்டுட்டு நீங்க ஏன் உள்ள போனீங்க?"

அறையில் டி.எஸ்.பி., தட்டச்சு செய்கிற ரைட்டர் கந்தசாமி, வாசலில் இரண்டு காவலர்கள். எல்லோரும் ஆண்கள்.

"அவசரம்ங்கய்யா."

"கடலூர் போற வரைக்கும் தாங்காத அவசரமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவசரம் என்கிறார்" என்று கந்தசாமி தட்டச்சு செய்தார். அன்று சாயந்திரமே பணியிடை நீக்கம்.

பாரதிக்கு அவள் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள். பிறகு மணியடிக்கவே இல்லை, எண்ணையே தடுத்துவிட்டிருந்தாள். செவ்வந்தி வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா…" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். என்ன சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கலையரசனுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

பூமாலையைப் பிடிக்கத் தனிப்படை அமைத்தார்கள். அது அவள் புருஷனைத் தேடிக் கேரளத் தோட்டங்களுக்குப் போய்விட்டது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று சித்தப்பன் சொன்னதைச் செவ்வந்தி விசாரணையில் சொல்லியிருந்தாள். யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் விடிந்ததும் அவள் கலையரசனை எழுப்பி, "வண்டிய எடு, மேல போவணும்" என்றாள்.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஏறி, வெள்ளிமலைக்கும் அப்பால் தார் ரோடு முடிந்து, மண் பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாதாரணச் சேலைதான் கட்டியிருந்தாள். இருந்தாலும் அவள் நடையைப் பார்த்தே போலீஸ் என்று தெரிந்துவிட்டது. வீடுகளின் கதவுகள் சாத்திக்கொண்டன. பாப்பாத்தி வீடு எது என்று ஒரே ஒரு கிழவர்தான் கைகாட்டினார்.

பூமாலை ஒளிந்திருக்கவில்லை. வாசலில் மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். செவ்வந்தியைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை. செவ்வந்தி நேராகப் போய் அவள் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். குழந்தை வீறிட்டது.

"எம் பொழப்பையே நாறடிச்சுட்டியேடி!"

"அடிச்சிக்கக்கா" என்றாள் பூமாலை. கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நீ உள்ள போனதும் மலைப் பக்கம் போற பஸ்ஸு ஒண்ணு கெளம்புச்சு. கால் ஏறிடுச்சு. இது செத்துடும்னு சொன்னாங்க. செத்தா மூஞ்சியாச்சும் பாக்கணும்ல."

குழந்தை எலும்பும் தோலுமாக இருந்தது. ஆனால் கஞ்சி இறங்கியது. பாப்பாத்தி உள்ளேயிருந்து வந்து செவ்வந்திக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். செவ்வந்தி அதைக் குடித்தாள்.

பிறகு அவள் பூமாலையின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "இப்ப வரலன்னா அவங்க வருவாங்க. வந்தா இந்த வூட்டையே பிரிச்சுப் போட்டுருவாங்க. எங்கூட வா. நேரா கோர்ட்டுக்குப் போய்ச் சரணடைஞ்சுரு. புள்ளைக்கு முடியாமப் போச்சு, அதான் போனேன்னு ஜட்ஜய்யாகிட்ட உன் வாயாலயே சொல்லு. ஸ்டேஷன் வாசலயே நீ மிதிக்க வாணாம். ஒருத்தரும் உம்மேல கை வைக்க மாட்டாங்க. எம் பொண்ணு எழில்மதி மேல சத்தியம்."

பூமாலை அவள் முகத்தையே பார்த்தாள். "இது தூங்கினதும் வர்றேன்க்கா" என்றாள்.

செவ்வந்தி வெளியே ஒரு பலா மரத்தடியில் காத்திருந்தாள். மறுபடியும் ஓடிவிடுவாள் என்றான் கலையரசன். ஓடவில்லை. குழந்தையைப் பாப்பாத்தி பக்கத்தில் கிடத்திவிட்டு, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

மலைப் பேருந்தில் கீழே இறங்கினார்கள். கலையரசன் பின்னாலேயே வண்டியில் வந்தான். வளைவுகளில் பேருந்து திரும்பத் திரும்ப, பூமாலை செவ்வந்தியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எத்தனை நாள் தூக்கமோ. அந்த நேரத்தில் செவ்வந்தி ஒரு காரியம் செய்தாள். இன்றைக்கு எந்த நீதிபதி இருக்கிறார் என்று கேட்க ரைட்டர் கந்தசாமிக்குப் போன் போட்டாள். நல்ல மனுஷன், இத்தனை வருடப் பழக்கம். "நல்லதும்மா, நல்லதும்மா, விசாரிச்சுச் சொல்றேன்" என்றார் அவர். அவர் விசாரித்துச் சொல்வதற்கு முன் இன்ஸ்பெக்டரே கூப்பிட்டார்.

"செவ்வந்தி, நீ பண்ணியிருக்கிறது சாதாரணக் காரியம் இல்லம்மா. டிபார்ட்மென்ட் மானத்தக் காப்பாத்திட்ட." அவர் அவளை 'அம்மா' என்றது அதுதான் முதல் தடவை. "ஆனா கோர்ட்டுக்குப் போவாத. சஸ்பென்ஷன்ல இருக்கிறவ கைதிய எப்டிப் புடிச்ச, எங்க வச்சிருந்தன்னு கேட்டா உம்மேலயே கேஸ் திரும்பும். நீயே ஓட விட்டுட்டுக் கூட்டியாந்தேன்னு சொல்லுவாங்க. கீழ ஸ்டாப்புல ஜீப் நிக்கும். ஒப்படைச்சுரு. நீதான் புடிச்சேன்னு நானே ரிப்போர்ட் போடறேன். நாளைக்கே உன்னை மறுபடி வேலைல எடுத்துடலாம்."

பேருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. செவ்வந்தி யோசித்தாள். யோசித்தாள் என்று சொல்வதும் சரியில்லை. வேலை போய்விடும் என்ற பயம் வந்துவிட்டால் ஆள் யோசிப்பதில்லை. பயம், தான் கேட்க விரும்புவதை யார் சொல்கிறார்களோ அவர்களை நம்பிவிடுகிறது. கரும்புக் காடு ஞாபகம் வந்தது. அம்மாவின் கை ஞாபகம் வந்தது. இந்த மனிதர் ஒரு முறை பொய் சொன்னவர் என்பது தெரியும். ஆனால் இப்போது இவருக்கும் இது வேண்டுமே, ஆகவே இந்த முறை சொன்னபடி செய்வார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கச்சிராயபாளையம் நிறுத்தத்தில் ஜீப் நின்றது. கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தவள் பாரதி.

பாரதி செவ்வந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் இருந்த பூமாலையின் கையைப் பிடித்தாள். பூமாலைக்கு அப்போதுதான் விளங்கியது.

"அக்கா, கோர்ட்டுன்னு சொன்னியே."

"இங்கேர்ந்து கோர்ட்டுக்குத்தான்… கூட்டிப் போவாங்க" என்றாள் செவ்வந்தி. தன் குரலே தனக்குக் கேட்கவில்லை.

கலையரசன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். "வாணாம், விடாத!" என்றான். அதற்குள் ஜீப் போய்விட்டது.

மறுநாள் செய்தித்தாளில் வந்தது. தப்பியோடிய பெண் கைதி, இன்ஸ்பெக்டர் தனசேகரன் தலைமையிலான தனிப்படையினரால் கல்வராயன் மலைக் காட்டுப் பகுதியில் சுற்றி வளைக்கப்பட்டாள். படத்தில் ஓரமாகப் பாரதி நின்றாள். செவ்வந்தியின் பெயர், 'அலட்சியமாக இருந்த' என்ற சொல்லோடு, கடைசி வரியில் இருந்தது. நீதிமன்றத்தில் நிறுத்தியபோது பூமாலையின் உதடு கிழிந்திருந்ததாகக் கலையரசனுக்குத் தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். நீதிபதி கேட்டதற்கு, வழுக்கி விழுந்தேன் என்றாளாம். யார் அடித்தது என்று செவ்வந்தி யாரிடமும் கேட்கவில்லை. அது பாரதியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள்.

பணியிடை நீக்கத்தை ரத்து செய்யும் உத்தரவு மறுநாளும் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் போனை எடுக்கவில்லை. ஒரு முறை நேரில் போய் நின்றாள். "மேல பேசிக்கினுதான் இருக்கேன். நீ இங்கல்லாம் வரக்கூடாது, தப்பா நெனைப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போனார். கந்தசாமி தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

பாரதியை அவள் கடைசியில் சந்தித்தது கள்ளக்குறிச்சியில், ஒரு மருந்துக் கடை வாசலில். பாரதி மாமியாருக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினாள். செவ்வந்தி எதிரில் நின்றாள். ஓட இடமில்லை.

"ஏன்டி?" என்றாள் செவ்வந்தி. வேறு எதுவும் கேட்க வரவில்லை.

பாரதியின் கண் கலங்கியது. "ராமநாதபுரத்துக்குத் தூக்கியடிப்பேன்னாரு. மாமியா படுத்த படுக்கை. புள்ள பத்தாவது. நான் எங்கடி போவேன்? நீதான் எதையும் தாங்குவ. மெமோ வாங்கி வாங்கி மரத்துப் போனவ. அதான்…"

"தாங்குவேன்னுதான் எம்மேல ஏத்துனியா?"

"செவ்வு…"

"எழுதுறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்டி. 'இப்டி எழுதச் சொல்றான், எழுதப் போறேன்'னு. நானே எழுதுன்னு சொல்லியிருப்பேனோ என்னமோ. வராந்தால உக்காந்துகினு, உன்னை நம்பிக்கினு இருந்தேன் பாரு, அதத்தான் தாங்க முடியல."

பாரதி அவள் கையைப் பிடிக்க வந்தாள். செவ்வந்தி கையை எடுத்துக்கொண்டாள். அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொண்டபோது மழைக்காலம் முடிந்திருந்தது. மூன்று வருட ஊதிய உயர்வை வெட்டி, மாவட்டத்தின் மறுகோடியில் ஒரு நிலையத்தில் போட்டார்கள். போக வர இரண்டு பேருந்து. அங்கே இன்ஸ்பெக்டர் ஏதாவது வாயால் சொன்னால் அவள், "எழுத்துல குடுங்கய்யா" என்பாள். சிலர் முறைத்தார்கள், சிலர் சிரித்தார்கள். ஒருவரும் அவளோடு வழிக்காவல் போக விரும்பவில்லை.

சங்கிலி வழக்கு இழுத்துக்கொண்டே போனது. ஆனால் காவலிலிருந்து தப்பிய வழக்கு விசாரணைக்கு வந்தது. முதல் சாட்சி செவ்வந்தி. அரசு வக்கீல் முன்கூட்டியே கூப்பிட்டுச் சொன்னார்: "எப்டி ஓடினா, அத மட்டும் சொல்லுங்க. வேற எதுக்கும் போவாதீங்க." தனசேகரன் அதற்குள் பதவி உயர்வில் வேறு மாவட்டம் போய்விட்டிருந்தார். அவரும் ஒருமுறை போன் செய்து, நலம் விசாரித்து, அதையே சொன்னார்.

கூண்டில் ஏறியபோது எதிரே பூமாலை நின்றிருந்தாள். ஜாமீனில் வந்து, முன்னைவிட இளைத்திருந்தாள். செவ்வந்தி சொல்ல ஆரம்பித்தாள். வழிக்காவலுக்கு இரண்டு பேர் என்று இருந்ததை, தன்னை ஒருத்தியாகப் போகச் சொன்னதை, யார் சொன்னார், யாருடைய போனில் சொன்னார் என்பதை எல்லாம் சொன்னாள். அரசு வக்கீல் குறுக்கிட்டார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, "ஏன் உள்ளே போனீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் பெண் அவர்தான். செவ்வந்தி நிமிர்ந்து காரணத்தைச் சொன்னாள். நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு, பூமாலையைத் தான் மலையிலிருந்து கூட்டிவந்ததையும், தனிப்படை பிடிக்கவில்லை என்பதையும், நீதிமன்றத்துக்கு என்று சத்தியம் செய்துவிட்டு ஜீப்பில் ஏற்றிவிட்டதையும் சொன்னாள். அதை யாரும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

தீர்ப்பில் பூமாலைக்கு, ஏற்கெனவே உள்ளே இருந்த நாட்களே தண்டனையாக முடிந்தது. பெண் கைதியை ஒற்றைக் காவலரோடு அனுப்பியது தவறு என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. துறை விசாரணைக்கு மாறாகச் சாட்சி சொன்னது ஏன் என்று செவ்வந்திக்குத்தான் ஒரு மெமோ வந்தது.

தீர்ப்பு நாளன்று வெளியே வேப்ப மரத்தடியில் பூமாலையும் பாப்பாத்தியும் பேருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். குழந்தை, கொஞ்சம் சதை போட்டு, பாப்பாத்தியின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. செவ்வந்தி பக்கத்தில் போனாள். குழந்தையின் தலையைத் தொட்டாள்.

பூமாலைதான் கேட்டாள். கோபமாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போல. "மேல வந்து உம் பொண்ணு மேல சத்தியம் பண்ணியே. அப்பவே பொய்யாத்தான் பண்ணியா?"

"இல்ல" என்றாள் செவ்வந்தி. "அப்ப அது நெசம்தான். மலையெறங்கி வர்றதுக்குள்ள பொய்யாயிடுச்சு."

பூமாலை குழந்தையின் சட்டையை இழுத்து விட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நடந்தாள். பாப்பாத்தி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அன்று மதியம் செவ்வந்திக்கு ஒரு பள்ளிக்கூட வாசலில் பணி. தன் பேருந்தைப் பிடிக்க அவளும் எதிர்ப்பக்கம் நடந்தாள்.